வெளித் தாழ்ப்பாள்

அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனது நான்தான். பெயிண்டரைக் கட்டிக்கொண்டவளுக்குப் பழைய வீடு ஒன்று வந்து சேர்ந்தால், வேலை புருஷன் தலையில்தான் விடியும். என் மனைவியின் சித்தி, அதாவது அவள் அப்பாவின் இரண்டாம் தாரம், இறந்துபோய் வீடு இவள் கைக்கு வந்திருந்தது. விற்பதற்கு முன்னால் சுவர்களைப் பார்க்கிற மாதிரி ஆக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பூட்டைத் திறந்ததும் அடைந்து கிடந்த காற்று முகத்தில் அடித்தது. ஈரச் சுவர், பாச்சை உருண்டை, எல்லாவற்றுக்கும் மேலாக வலிக்குத் தேய்க்கிற தைலத்தின் வாடை. கூடத்து மூலையில் மாடிப்படி. படிக்கு அடியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு. தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கிற பொந்து அது. கதவுக்கு வெளிப்பக்கம் ஓர் இரும்புத் தாழ்ப்பாள்.

கூட வந்திருந்த என் மனைவி அந்தப் பக்கமே திரும்பாமல் சொன்னாள்.

“அதை மட்டும் திறக்க வேணாம். அப்படியே மேல அடிச்சிடுங்க.”

எங்கள் தொழிலில் யாரும் கதவைச் சாத்தி வைத்துப் பெயிண்ட் அடிப்பதில்லை. திறந்து வைத்து அடித்து, காயும்வரை அப்படியே விட வேண்டும். சாத்திவிட்டு அடித்தால் இடுக்கில் பெயிண்ட் இறங்கி, கதவும் சட்டமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நேற்று வேலைக்கு வந்தவன்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டான். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும் என்றாள். பெண்டாட்டியிடம் வாதாடி ஜெயித்த வரலாறு எனக்குக் கிடையாது. தாழ்ப்பாளையும் சேர்த்து அடித்தேன்.

அந்தப் பொந்தின் கதை எனக்குத் தெரியும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது டம்ளரைத் தட்டிவிட்டால் சித்தி அவளை உள்ளே தள்ளித் தாழ்போடுவார். சோற்றைச் சிந்தினாலும் உள்ளேதான். சத்தமாகச் சிரித்தாலும் உள்ளேதான். இவள் உள்ளேயிருந்து கதறினால், “இன்னும் கொஞ்ச நேரம்” என்று மட்டும் பதில் வருமாம். அப்பா வருகிற நேரத்துக்குத் திறந்து, முகம் கழுவிப் பவுடர் பூசி உட்கார வைத்துவிடுவாராம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் விளக்கை எரியவிட்டுத்தான் தூங்குகிறோம்.

அப்படிப்பட்ட சித்தியை மன்னித்துவிட்டதாக அவள் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறாள். போதகர் அதை வைத்தே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஓட்டினார். ஆனால் கூடவே குடித்தனம் நடத்துகிறவனுக்குத்தானே உள்விவகாரம் தெரியும். சித்தி படுத்த படுக்கையானபோது, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பினார். என் மனைவி அவரை வாசலிலேயே நிற்க வைத்து, மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். போகவில்லை. ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாதவர்களை எல்லாம் துடைத்துக் குளிப்பாட்டுகிற நர்ஸ் அவள். சித்தி யாரும் பக்கத்தில் இல்லாமல் செத்தார்.

கூடத்துக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். நல்ல பகல். ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து கிடந்தது. படிக்கு அடியிலிருந்து சுரண்டுகிற சத்தம் வந்தது. எலி என்று நினைத்துப் பிரஷ்ஷின் காம்பால் கதவைத் தட்டினேன்.

சத்தம் நின்றது.

பிறகு உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டியது.

தைல வாடை குப்பென்று ஏறியது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வாயை மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார்கள். வயதான பெண் குரல். ஆனால் பேச்சு குழந்தையுடையது.

“கதவைத் திறம்மா. இனிமே செய்ய மாட்டேன்.”

பெயிண்ட் டப்பா கவிழ்ந்ததுகூடத் தெரியாமல் வெளியே ஓடினேன். வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது, என் மனைவி சிரிப்பாள், அல்லது பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

“அழுதாங்களா?” என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து டியூட்டி முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். என்ன செய்கிறாள் என்று பார்க்க ஒரு மத்தியானம் நானும் போனேன். பொந்துக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே சுரண்டல் கேட்டது. கெஞ்சல் கேட்டது. அவள் நிதானமாக மென்று விழுங்கினாள். அவள் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நெடுநாள் பசித்தவள் சாப்பிடுகிற முகம். பேயைவிட அந்த முகம்தான் எனக்கு அதிக பயம் தந்தது.

தண்ணீர் குடித்துவிட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

“இன்னும் கொஞ்ச நேரம்.”

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் மகள், வாயாடி என்று கூப்பிடுவோம், ஐந்து வயது. இரவுச் சாப்பாட்டின்போது பாலைக் கவிழ்த்துவிட்டாள். நான் துணி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் நாற்காலி காலியாக இருந்தது. குளியலறைக்குள்ளிருந்து பிள்ளையின் அலறல். வெளித் தாழ்ப்பாளின் மேல் கை வைத்தபடி என் மனைவி நின்றிருந்தாள். உள்ளே விளக்கை அணைத்திருந்தாள்.

“இனிமே செய்ய மாட்டேம்மா!”

அவளைத் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். வாயாடி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். என் மனைவி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் போடலைங்க,” என்றாள். “கை தானா போச்சு.”

பிள்ளை தூங்கிய பிறகு மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“சபையில சொன்னியே, அது நிஜமா?”

இல்லை என்று தலையாட்டினாள். அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியாக இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு, இதற்காகக் கர்த்தர் தன்னை என்ன செய்வாரோ என்று அழுதாள். இப்படியே விட்டால் கர்த்தர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது, நம் பிள்ளை இன்னொரு பொந்தில் வளரும் என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் பிள்ளையை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, என் வேனில் அங்கே போனோம். கதவு நான் பயந்தபடியே சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. சுவரில் பட்டி மாவு தடவுகிற தகட்டை இடுக்கில் விட்டு, பெயிண்டைக் கோடு கோடாக அறுத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

தாழ்ப்பாளை நான் தொடப் போனபோது அவள் தடுத்தாள். தானே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“சித்தி, நீங்க செஞ்சது தப்பு,” என்றாள். “அப்போ எனக்கு வாயாடி வயசு. இருட்டுல நான் செத்துருவேன்னு நினைச்சேன். அது ஒண்ணுமில்லைன்னு என்னால சொல்ல முடியாது.”

உள்ளே ஒரு விம்மல்.

“நீங்க கூப்பிட்டப்போ நான் வரல. இத்தனை நாளா இங்க உக்காந்து நீங்க அழுறதைக் கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன். உங்களை விட்டுட்டேன் சித்தி. நிஜமா.”

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

ஜன்னல் வெளிச்சம் தரை வரைக்கும் எட்டியது. வருஷக்கணக்கான தூசி. அதன் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்த அளவுக்கு மட்டும் தூசியே இல்லை.

என் மனைவி பொந்துக்குள் கையை நீட்டினாள். அவள் விரல்கள் எதையோ பற்றுவது போல மடங்கின. முன்கையில் ரோமம் சிலிர்த்து நின்றதைப் பார்த்தேன். கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்புகிற மாதிரி, மறு கையால் காற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

“கொஞ்சம் நகருங்க,” என்று என்னிடம் கிசுகிசுத்தாள். “வழியில நிக்கிறீங்க.”

சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தைல வாடை என்னைக் கடந்து போயிற்று. ஈரமான சேலைத்தலைப்பு ஒன்று என் காலில் உரசியது.

அதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணி, வெளியே வந்து வேனைக் கிளப்பினேன். எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள் அன்று பின்கதவைத் திறந்தாள். ஏறி, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.

நான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி அழுது ஓய்ந்த முகத்தோடு இருந்தாள். நேற்றுவரை இருந்த அந்தப் பசி அதில் இல்லை.

“எங்க கூட்டிட்டுப் போற?” என்று கேட்டேன்.

“அவங்களுக்கு வேற யாருங்க இருக்கா,” என்றாள். “மெதுவா ஓட்டுங்க. குலுங்கினா அவங்களுக்கு வாந்தி வரும்.”