சத்தம் புகாத அறை

கதவு சாத்தப்பட்டதும், அவள் காதுக்குள் பதினோரு நாளாக ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றுவிட்டது.

கொஞ்சம் கொஞ்சமாக அடங்கவில்லை. புறம் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாசலில் காலடி கேட்டதும் வாயை மூடிக்கொள்வதுபோல, சட்டென்று நின்றது. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். இல்லை. சுத்தமாக இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் காது பரிசோதகர் இதற்கு நேர்மாறாகச் சொல்லித்தான் உள்ளே அனுப்பியிருந்தார்.

"உள்ள போனதும் அந்தக் கொய்ங்னு கேக்கறது இன்னும் பெரிசா கேக்கும்மா. வெளிச்சத்தம் இல்லேன்னா உள்சத்தம் கூடத்தான் செய்யும். பயந்துடாத. நான் குடுக்கற சத்தத்த மட்டும் கவனி. எவ்வளவு லேசா கேட்டாலும் பட்டன அமுக்கு. கதவுக்குப் பூட்டு கிடையாது, உள்பக்கமும் கைப்பிடி இருக்கு. சரியா?"

அறை என்று சொல்வதே அதிகம். பெரிய குளிர்பதனப் பெட்டி ஒன்றைக் காலிசெய்து நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டதுபோல இருந்தது. உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் இரண்டு பக்கமும் சுவர். சுவர் முழுக்க, மேல்கூரை வரைக்கும், முட்டை அட்டைபோல மேடும் பள்ளமுமாகச் சாம்பல்நிற நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தது. பழைய தரைவிரிப்பின் மக்கல் வாடையும், ஹெட்போனின் மெத்தையில் யார் யாரோ விட்டுப்போன தலையெண்ணெய் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாக, விளக்கு வெளிச்சத்தில் இயந்திரத்தின் மீது குனிந்திருக்கும் பரிசோதகர், அவருக்குப் பின்னால் பெஞ்சில் அம்மா, அம்மாவின் தோளில் சாய்ந்த தங்கை. மதியம் மூன்று மணி. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை.

அவளுக்குப் பதினேழு வயது. பள்ளி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள். தோழிகள் வைத்த பெயர் 'இடி'. வீட்டில் பெரியவள். சின்னவளுக்குப் பதின்மூன்று.

அம்மா பாட்டில் நிரப்பும் ஆலையில் வேலை பார்த்தாள். ஆயிரக்கணக்கான கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் பட்டையின் பக்கத்தில், நாளுக்கு எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. முதல் ஆறு வருஷம் காதுக்கு ஒன்றும் தரவில்லை. பிறகு தந்தார்கள். அதற்குள் பாதி காது போய்விட்டிருந்தது. அதனால் அம்மாவுக்குத் தணிந்து பேசத் தெரியாது. அவள் ரகசியம் சொன்னால் மாடிவீட்டுக்காரர் பதில் சொல்வார் என்று வீட்டில் கேலி செய்வார்கள். காதில் திணித்துக்கொள்ளும் சின்னச் சின்ன மஞ்சள் அடைப்பான்களை ஆலையிலிருந்து கை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். "என் காது போனது போகட்டும். உங்க ரெண்டு பேர் காதாவது உருப்படியா இருக்கட்டும்டி."

சின்னவள் சொன்னபடி கேட்பவள். பதினோரு நாளைக்கு முன்பு, பள்ளி அரங்கத்தில் போட்டிக்கான ஒத்திகை நடந்தபோது, மேடைக்குக் கீழே ஸ்பீக்கர் அருகில் மஞ்சள் அடைப்பான்களோடு உட்கார்ந்திருந்தாள். பெரியவள் மேடையிலிருந்து குதித்து இறங்கி, தோழிகள் பார்க்க, தங்கையின் இரண்டு காதிலிருந்தும் அவற்றைப் பிடுங்கி எடுத்தாள். "பாட்டு கேக்க வந்தியா, தூங்க வந்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். "அக்கா, குடு" என்று கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து யாரோ மைக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் போனார்கள்.

ஸ்பீக்கர் வீறிட்டு ஊளையிட்டது. நாலைந்து நொடிதான் இருக்கும். சின்னவள் கத்தவில்லை. அப்படியே குந்திவிட்டாள்.

அன்றிலிருந்து யாராவது பேசினால் அவள் வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டுகிறாள். சற்றுமுன் அவளுக்குத்தான் முதலில் பரிசோதனை. தாளில் வலது காதின் கோடு நேராகப் போனது; இடது காதின் கோடு படியிறங்கிப் பள்ளத்தில் விழுந்தது. அம்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். "கழட்டாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏன்டி கழட்டின?" என்று கட்டடமே கேட்கும்படி கேட்டாள். சின்னவள் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். பெரியவள் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனில் பரிசோதகரின் குரல் வந்தது. "ஆரம்பிக்கலாமா?"

தலையாட்டினாள்.

முதலில் தெளிவான ஒலிகள். டூ. டூ. டூ. அமுக்கினாள். பிறகு அவை மெலிந்துகொண்டே போயின. தூரத்தில், அதைவிடத் தூரத்தில், கடைசியில் நிஜமாகவே கேட்டோமா, நாமே நினைத்துக்கொண்டோமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. கண்ணை மூடிக்கொண்டாள். இந்த அறையில் எந்தச் சத்தமும் திரும்பி வரவில்லை. தொண்டையைச் செருமினால் நுரைப்பஞ்சு அதை விழுங்கிக்கொண்டது. தன் இதயம் அடிப்பதும், எச்சில் இறங்குவதும், கண்ணிமை ஒட்டிப் பிரிவதும்கூட அவளுக்குக் கேட்டன. அவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் கேட்டது. மெல்லிய முனகல். ஒரே சுருதியில், வாயை மூடிக்கொண்டு, யாரோ குழந்தையைத் தூங்கவைக்கப் பாடுவதுபோல.

அமுக்கினாள்.

"நான் இன்னும் ஒண்ணும் குடுக்கலையேம்மா. அவசரப்படாத."

கண்ணைத் திறந்தாள். பரிசோதகர் சிரித்தபடி விரலை ஆட்டிக் காட்டினார். அவளும் சிரித்து வைத்தாள். மறுபடி கண்ணை மூடியதும் முனகல் தொடங்கியது. கையைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டுக் கவனித்தாள். ஒலி வலது காதிலும் இல்லை, இடது காதிலும் இல்லை. ஹெட்போனுக்கு வெளியே இருந்து வருவதுபோல இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தாள். முனகல் ஒரு இடத்தில் அறுந்தது. யாரோ மூச்சு வாங்கினார்கள். பிறகு தொடர்ந்தது.

அவள் வாங்கவில்லை. அவள் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பாடாதம்மா, டெஸ்ட் தப்பாப் போயிடும்."

"நான் பாடலையே மேடம்."

பரிசோதகரின் சிரிப்பு நின்றது. உள்ளே ஒரு மைக் இருந்தது. நோயாளி பேசுவது அவருக்குக் கேட்பதற்காக. அவர் தன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எதையோ திருகினார். நெற்றி சுருங்கியது. "போன் ஏதாவது வெச்சிருக்கியா உள்ள?"

"வெளிய அம்மாகிட்ட இருக்கு."

அவர் ஹெட்போனைக் கழற்றி, அது பழுதா என்று பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு அவள் தலையில் மாட்டினார். அம்மா கொஞ்சநேரம் கேட்டாள். உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தாள். அவள் பேசியது மைக் வழியாகப் பெரியவளின் காதில் இடித்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே மேடம். என் காதுக்கு எங்க இதெல்லாம்!"

சின்னவள் எழுந்து வந்தாள். நல்ல காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டாள். பெரியவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு வாய் லேசாகத் திறந்தது. கை மெதுவாகப் போய் மைக் பட்டனை அமுக்கியது.

"அக்கா, உள்ள உன்கூட யாரு?"

பெரியவள் எழுந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை, கழுத்து மறுத்தது. நாற்காலிக்குப் பின்னால் சுவர்தான். ஒரு முழம் இடம்கூட இல்லை. உட்காரும்போதே பார்த்திருந்தாள். ஹெட்போன் கம்பி இழுபட, ஒரே எட்டில் கதவை எட்டிக் கைப்பிடியைப் பிடித்து அழுத்தினாள். கைப்பிடி இறங்கியது. கதவு அசையவில்லை. தோளால் தள்ளினாள். வெளியே பரிசோதகர் ஓடிவந்து இழுப்பது கண்ணாடியில் தெரிந்தது. ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்தார். கதவு அசையவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. பதினோரு நாளாக வாயைத் திறக்காமல் இருந்ததற்குத்தான் இது. சொல்லிவிட்டால் திறந்துவிடும்.

"அம்மா, நான்தான்! அவ கழட்டலம்மா. நான்தான் பிடுங்கினேன். அவ கேட்டா, நான் குடுக்கல. சிரிச்சேன். அம்மா!"

அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று "என்னடி? என்ன சொல்ற?" என்று வாயசைத்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டது சின்னவளுக்கு மட்டும்தான். ஒரு கையால் ஹெட்போனைக் காதோடு பிடித்துக்கொண்டிருந்தவள், அழுதுகொண்டே தலையை ஆட்டி, மறு கையால் மைக் பட்டனை அமுக்கினாள்.

"அத விடுக்கா. அது இருக்கட்டும். நீ பேசாத."

"ஏன்?"

"நீ பேசினா அது பாடறத நிறுத்திடுது. நிறுத்திட்டுக் கேக்குது."

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.

அமைதி.

பிறகு முனகல். இந்தத் தடவை அதில் ஏதோ மாற்றம். சுருதி ஏறி இறங்கியது, தடுமாறியது, ஒரு வார்த்தையைப் பிடிக்கப் பார்த்தது. குழந்தை பேசப் பழகுவதுபோல.

"நா... நா... ந்தா..."

அவள் குரல்தான். அவள் சற்றுமுன் கத்திய அதே குரல். ஆனால் கத்தல் இல்லை. நிதானமாக, ருசி பார்ப்பதுபோல.

"நாந்தா... ன். நாந்தான்."

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். எறிந்த பிறகும் கேட்டது.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவள் எழுந்தபோது கிறீச்சிட்ட அதே மாதிரி. உட்கார்ந்திருந்த யாரோ எழுந்துகொள்கிற சத்தம்.

தரைவிரிப்பில் ஓர் அழுத்தம். இன்னொன்று.

இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அடித்தாள். அடித்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. நுரைப்பஞ்சு தின்றுவிட்டது. வெளியே அம்மா பரிசோதகரைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைத் தானே பிடித்தாள். வருஷக்கணக்காகப் பாட்டில் பெட்டிகளைத் தூக்கிய கை. ஒரே இழுப்பு.

கதவு திறந்தது.

இரண்டு விரல் அளவு. வெளிக்காற்று முகத்தில் பட்டது. மின்விசிறி ஓடும் சத்தம் வந்தது. யாரோ தெருவில் வண்டி எடுக்கும் சத்தம் வந்தது. அம்மாவின் குரல் வந்தது, காது கிழியும்படி, உலகத்திலேயே இனிமையான சத்தமாக. "பிடிச்சுக்கோ! என் கையப் பிடிச்சுக்கோடி!"

பெரியவள் இடுக்கில் விரல்களை நுழைத்தாள். அம்மாவின் விரல்கள் அவற்றைப் பற்றின. சூடான, காய்த்துப்போன விரல்கள். கதவு இன்னும் ஒரு விரல் அளவு வந்தது.

அப்போது அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே பார்த்தாள். இன்னும் மேலே. கூரை இருக்கும் உயரத்தில். பரிசோதகரும் அங்கேதான் பார்த்தார். பார்த்தவர் பின்னால் போனார், நாற்காலியில் இடித்துக் கீழே விழுந்தார், விழுந்த இடத்திலிருந்தும் கண்ணை எடுக்கவில்லை. சின்னவள் "என்னம்மா?" என்று எட்டிப் பார்க்க வந்தாள்.

அம்மா ஒரு கையால் சின்னவளின் கண்ணைப் பொத்தி அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"அம்மா," என்றாள் பெரியவள்.

"அம்மா," என்றது பின்னால், அவள் குரலில், அவளைவிடத் தெளிவாக.

அம்மா இப்போது பெரியவளைப் பார்த்தாள். முகத்தை முழுசாக, ஒரு தடவை, எதையோ மனப்பாடம் செய்வதுபோலப் பார்த்தாள். பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மெதுவாக. நசுங்கிவிடாமல் ஒவ்வொன்றையும் இடுக்கிலிருந்து உள்ளே தள்ளிவிட்டாள்.

பிறகு கதவைச் சாத்தினாள்.

மின்விசிறிச் சத்தம் போனது. தெரு போனது. கண்ணாடிக்கு அப்பால் அம்மா தோளைக் கதவில் கொடுத்து, தலையைக் குனிந்து, முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் கண்ணாடியில் நசுங்கி வெளுத்திருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. அவள் என்ன கத்துகிறாள் என்று உள்ளே கேட்கவில்லை.