இரண்டேகாலுக்கு ஓர் இரங்கல்

போன் ஒலித்தது.

மூன்றாவது மணியில்... இறந்தவரே எடுத்தார்!

"ஹலோ, யாரு?"

மதிவாணனின் பேனா நின்றது. தமிழ் நாளேடு ஒன்றுக்கு முப்பதாண்டுகளாக மலேசியாவின் கூலாய் நகர நிருபர். எந்த மரணச் செய்தியையும் அந்த வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அவர் அனுப்பியதில்லை. அழுகுரல் கேட்கும் என்றே காத்திருந்தார்.

"செடெனாக் மில்லு செல்லப்பனா?"

"ஆமா. நீங்க யாரு?"

எதிரே கணினித் திரையில் 'கூலாய் உடனடி' முகநூல் பக்கம். அதில் மாலையிட்ட செல்லப்பன் படம். மோட்டார் சைக்கிள் பிரேக் பிடிக்காமல் செடெனாக் முச்சந்தியில் லாரியில் மோதி, அந்த இடத்திலேயே மரணமாம். பதிவான நேரம் பிற்பகல் 2.15.

இப்போது மணி 2.40. அதற்குள் நானூறு பேர் ஆழ்ந்த இரங்கல் சொல்லி முடித்திருந்தார்கள்.

கூற்றுவனையும் முந்திக்கொண்டு வந்துவிட்ட அஞ்சலி...

மதிவாணன் தாம் யார் என்பதையும் திரையில் கண்டதையும் சொன்னார். செல்லப்பன் கொதித்தார். போன ஆண்டு அவர் மகள் தேன்மொழியை, விசாரிக்காமலே, திருடி என்று படத்தோடு போட்ட பக்கம் அது. பெண்ணுக்கு வேலை போயிற்று. செல்லப்பன் வழக்குத் தொடுத்தார். திங்கட்கிழமை விசாரணை.

"கேஸ வாபஸ் வாங்கலன்னா இப்படித்தான்னு மிரட்டுறீங்களா? நீங்களும் அந்தக் கூட்டம்தானே?"

"அப்புறமா திட்டுங்க. உங்க மோட்டார் எங்க?"

"கீழ, கொட்டகையில. மூணு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு அதுலதான் வீட்டுக்குப் போவேன்."

"ஏறிடாதீங்க. போயி பிரேக்க மட்டும் பாருங்க."

படியில் இறங்கும் காலடிச் சத்தம்...

திரும்பி வந்த குரலில் கோபம் இல்லை. முன்பிரேக் வயர் ஒற்றை இழையில் நின்றது. பின்பிரேக்கின் திருகாணியைக் காணோம்.

"சார்... நானூறு பேரு அழுதிருக்காங்கன்னு சொன்னீங்க. என் ஹேன்போன் ஒரு தடவகூட அடிக்கல. நீங்கதான் மொத ஆளு."

மதிவாணன் அடுத்து அழைத்தது இன்ஸ்பெக்டர் வாலண்டைனை. செல்லப்பனைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை நடத்துபவனின் அறைக்கு வருவதாக அவர் சொன்னார்.

3.20.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறை. 'கூலாய் உடனடி'யின் உரிமையாளன் ரூபேந்திரன், பகல் தூக்கம் கலையாத கண்களோடு கதவைத் திறந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"வாங்க அங்கிள். உங்க பேப்பர்லதானே நாசி லெமாக் சோறு மடிக்கிறாங்க?"

"செல்லப்பன் செய்திய யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நானே அங்க நின்னேன். பிரேக் வயர் அறுந்து தொங்குது. ரத்தம்கூட காயல."

"எத்தன மணிக்கு?"

"மூணு பத்து இருக்கும். அஞ்சு நிமிசத்துல செய்தி போட்டாச்சு. நீங்க நாளைக்குக் காலையிலதான் போடுவீங்க. நாப்பதாயிரம் பேரு என்னைய நம்புறாங்க லா. உங்கள யாரு நம்புறா?"

மதிவாணன் தம் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உன் பக்கம்தான். நேரத்தப் படி."

2.15.

"செல்லப்பன் ஸ்டேஷன்ல உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறாரு. மோட்டார் மில்லவிட்டு நகரவே இல்ல. மூணு பத்துக்கு யாரு ரத்தத்தப் பாத்த?"

ரூபேந்திரனின் முகத்திலிருந்து தூக்கம் போயிற்று. நிறமும் போயிற்று.

சாவுக்கு முன்பே சாவுச் செய்தியை எழுதி வைத்திருந்தான். எவனும் தன்னை முந்திவிடக் கூடாதே! 3.15க்குத் தானாக வெளிவரும்படி நேரம் குறித்ததாக நினைத்து, நிம்மதியாகப் படுத்துவிட்டான். ஆனால், பத்தாண்டுகளாக ஒரு செய்திக்கும் காத்திருந்து பழகாத கட்டைவிரல் அது. 'உடனே வெளியிடு' என்பதையே அழுத்தியிருந்தது...

படியில் பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டர் வாலண்டைன் உள்ளே வந்தார். காலை ஒன்பதரைக்கு ரூபேந்திரன் மோட்டார் கொட்டகையில் செல்லப்பனின் வண்டியருகே குனிந்திருந்ததை மில் கேமரா பதிவு செய்திருந்தது. விலங்கு பூட்டப்பட்டது.

"அங்கிள்... இதப் போட்டுடாதீங்க."

மதிவாணன் குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"நாளைக்குக் காலையிலதான் வரும், பயப்படாத. உன் வயசு எத்தன, தம்பி? கேக்காம நாங்க போடுறதில்ல."