சூடாக இருந்த எஞ்சின்

வண்டி வாங்க வந்தவர் கைகூடக் குலுக்கவில்லை. வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, நேரே வண்டியிடம் போய், மூடியைத் தூக்கி எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி வெர்லினைப் பார்த்தார்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டீங்க போல."

"இல்லையே. மூணு நாளா தொடவே இல்லை."

"அப்ப நீங்களே தொட்டுப் பாருங்க."

வெர்லின் தொட்டான். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. ஷெட்டுக்குள் வாளித் தண்ணீர் அடிவரை உறைந்து கிடந்தது. எஞ்சின் மட்டும் வெதுவெதுவென்று, படுத்து எழுந்த மாட்டின் வயிறு மாதிரி இருந்தது.

வந்தவர் கையுறையை மாட்டிக்கொண்டு, நூற்றிருபது மைல் ஓட்டி வந்தேன் என்று மட்டும் சொன்னார். காலி டிரெய்லர் கடகடத்துக்கொண்டு போனது. இப்படிப் போனவர்களில் அவர் மூன்றாவது ஆள்.

பனியில் ஓடும் ஸ்லெட் வண்டியைப் பழையதாக வாங்கப் போகிறவன் முதலில் பார்ப்பது பெயின்ட்டை அல்ல, எத்தனை மைல் ஓடியது என்பதையும் அல்ல. எஞ்சின் சில்லென்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். குளிரில் கிளம்பாத நோயாளி வண்டியை, ஆள் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடேற்றி, சாவியைத் திருகியதும் பனியைக் கிழித்துக்கொண்டு பாயத் தயார் என்பதுபோல உறும வைப்பது விற்கிறவர்களின் தில்லுமுல்லு. வடக்கு மினசோட்டாவில் கோடைக்கு டர்ட் பைக், குளிருக்கு ஸ்லெட் என்று இருபத்திரண்டு வருஷம் வாங்கி விற்ற வெர்லின், அதை ஒருநாளும் செய்ததில்லை. காபிக் கடையில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிக்கொள்கிற அளவுக்கு அதில் அவனுக்குக் கர்வம் உண்டு.

இந்த வண்டி அவன் வாங்கியதல்ல. தம்பி ஆர்டனுடையது.

ஐந்து வாரத்துக்கு முன்பு, மீன் பிடித்துவிட்டு உறைந்த ஏரியின் குறுக்கே ஆர்டன் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். பனிப்பாளம் வெடித்து மேடிட்ட இடத்தில் வண்டி எகிறி அவனைத் தூக்கி எறிந்தது. கால் முறிந்தது. அதோடு போயிருக்க வேண்டியது. ஓட்டுகிறவனின் கோட்டில் ஒரு சுருள் கயிறு மாட்டியிருக்கும். அதன் மறுமுனை வண்டியில் ஒரு பொத்தானை மூடியிருக்கும். ஆள் விழுந்தால் கயிறு இழுக்கும், மூடி கழன்று வரும், எஞ்சின் அந்த நிமிஷமே செத்துவிடும். அன்று சாகவில்லை. கட்டைவிரலால் அழுத்துகிற வேக விசையும் பனியேறி இறுகிப்போயிருந்ததால் வண்டி ஆளில்லாமல் இரண்டு மைல் ஓடி, கரையோர நாணலில் மூக்கைச் செருகி, டாங்க் வற்றும்வரை உறுமிக்கொண்டே நின்றது.

ஆர்டன் அந்தச் சத்தத்தை நோக்கித் தவழ்ந்திருக்கிறான். முழங்கையால் ஊன்றி ஊன்றி, காலை இழுத்து இழுத்து, முக்கால் மைல். அதற்குமேல் முடியாமல் அங்கேயே உறைந்து செத்துப்போனான். பனியில் அந்தத் தடம் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. அதைப் பார்த்தபோது வெர்லினுக்குத் தன் நெஞ்சை யாரோ உழுதுகொண்டு போனதாகத் தோன்றியது. சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் தம்பி நிற்கவில்லை. இதோ பக்கத்தில்தான், இதோ பக்கத்தில்தான் என்று நினைத்திருப்பான்.

எஞ்சின் ஏன் சாகவில்லை என்பது வெர்லினுக்கு மட்டும் தெரியும். நவம்பரில் அந்தப் பொத்தான் துருப்பிடித்து, ஓடும்போதே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தது. புதுசு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அண்ணா, அடுத்த சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகணும், ஏதாவது பண்ணு என்று ஆர்டன் நச்சரித்தான். வெர்லின் பொத்தானுக்குப் போகிற இரண்டு வயர்களையும் பின்னால் ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டான். கயிறு இனி வெறும் அலங்காரம்தான், விழுந்துவிடாதே என்று சொல்ல நினைத்தான். அதற்குள் ஆர்டன் ஏதோ ஜோக் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சொல்ல மறந்துபோனது.

டேப் இன்னும் உள்ளேதான் இருந்தது. பிரித்தால் பார்க்க வேண்டும் என்பதால் பிரிக்கவில்லை.

மூன்றாவது ஆள் திரும்பிப்போன மறுநாள் காலை, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மார்லிஸ் காட்டரிசி சூப் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆர்டனின் மனைவி. அது என் கண்ணிலேயே படக்கூடாது, விற்றுவிடுங்கள் என்று வண்டியை இவன் ஷெட்டுக்கு அனுப்பியவளே அவள்தான். இப்போது அவசரமில்லை என்றாள்.

"தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு ஓடவிடறீங்கல்ல. அதைக் கேட்டுட்டுதான் அடுப்புப் பத்த வைக்கிறேன். அவர் வர்ற மாதிரியே இருக்கு, மனசு லேசாகுது."

நாலரைக்கு வெர்லின் வீட்டில் இருப்பதே இல்லை. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிவிட்டு அவன் திரும்ப ஐந்தாகும். சனி ஞாயிறு என்றால் மகள் வீட்டுக்கு ஓடிவிடுவான். அந்த ஷெட்டின் பக்கத்தில் இருக்க முடியவில்லை. சூப்பை வாங்கிக்கொண்டு ம் என்றான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "கயிறு அவர் கோட்டுல அப்படியே இருந்துச்சு. அறுந்துகூடப் போகலை. மூடியும் கழண்டு வந்திருந்துச்சு. அப்புறம் ஏன் எஞ்சின் நிக்கலை?"

சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது. வெர்லின் வாயைத் திறந்தான்.

"பனியில என்ன வேணா ஆகும், மார்லிஸ்."

அவள் தலையாட்டினாள். அவள் நம்பிவிட்டாள். அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று பஸ்ஸை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நான்கு மணிக்கே ஷெட்டுக்குப் போனான். டாங்கில் இருந்த பெட்ரோலைக் கடைசிச் சொட்டுவரை இறக்கி வெளியே வைத்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பெரிய கதவைப் பூட்டிவிட்டு, ஒரு மரப்பெட்டியைப் போட்டு வண்டிக்கு எதிரே உட்கார்ந்தான். ஏரிப்பக்கத்துச் சிறிய ஜன்னலில் நீல வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. தகரக் கூரை குளிரில் சுருங்கி அங்கங்கே டக்கென்று சொடுக்கியது. பழைய எண்ணெயும் ரப்பரும் எலிப்புழுக்கையும் கலந்த வாசனை, இருபத்திரண்டு வருஷமாக அவன் மூக்குக்குப் பழகிய வாசனை, அதற்குள் எங்கிருந்தோ கருகிய பெட்ரோல் வாசனையும் கலக்க ஆரம்பித்தது.

எஞ்சின் கிளம்பியது.

இருமலோ தடுமாற்றமோ இல்லை. சாவி அவன் பையில் இருந்தது. இருக்கையில் யாரும் இல்லை. முன்விளக்கு எரிந்து அவன் முழங்காலில் மஞ்சளாக விழுந்தது. தகரச் சுவர் நான்கும் அதிர்ந்தன.

அப்போதுதான் வெளியே அது கேட்டது. ஏரிப் பக்கம். பனியில் ஏதோ அழுந்துகிற சத்தம். பிறகு நீளமாக இழுபடுகிற சத்தம். கொஞ்சம் ஓய்வு. மறுபடி அழுந்தல். மறுபடி இழுபடல். அவசரமில்லை. நேராக வந்தது.

முப்பதடி.

இருபது.

மூச்சு கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்தவனுக்கு அந்த மூச்சைத் தெரியாதா?

வெர்லின் அழுதான். வாய்விட்டு அழுதான். "வேண்டாம்டா ஆர்டன், வேண்டாம்டா" என்று சொல்லிக்கொண்டே எஞ்சின் மூடியைத் தூக்கினான். கட்டிங் பிளேயரை எடுத்தான். கறுப்பு டேப். அதோடு சேர்த்து இரண்டு வயரையும் வெட்டினான்.

எஞ்சின் செத்தது. விளக்கு அணைந்தது.

வெளியே சத்தமும் நின்றது.

நல்லதுதான் செய்தோம் என்று ஒரு நிமிஷம் நினைத்தான். ஐந்து வாரம் தாமதமானாலும் செய்துவிட்டோம், இனி அவன் படுத்துத் தூங்கட்டும் என்று நினைத்தான். பிறகு பனி மறுபடி அழுந்தியது. இந்த முறை நேராக இல்லை. இடது பக்கம் கொஞ்சம். நின்றது. வலது பக்கம் கொஞ்சம். வழிகாட்டிய ஒரே சத்தம் போய்விட்டதால் அது ஷெட்டின் எதிரில் சுற்றிச் சுற்றித் தேடியது. பிறகு தெருப் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு வெளிச்சம் இருந்தது.

வெர்லின் பூட்டைத் திறந்து கதவை இழுத்தான். அகலமான ஒரு தடம் ஷெட்டுக்குப் பத்தடி தூரம்வரை வந்து, வட்டமடித்து, தெருவைக் கடந்து மார்லிஸ் வீட்டு வாசல் விளக்கை நோக்கிப் போயிருந்தது.

வண்டிச் சத்தம் வீட்டுப்பக்கம் வந்து நின்றால் அந்த வீட்டில் பதினாறு வருஷமாக அதற்கு ஒரே அர்த்தம்தான். வந்துவிட்டார்.

கதவைத் திறக்காதே என்று கத்த வேண்டும். ஏன் என்று அவள் கேட்பாள். அந்த ஏனுக்கு அந்தக் கறுப்பு டேப்பைத் தவிர வேறு பதில் இல்லை. அவன் கத்தவில்லை.

கதவு திறந்தது. உள்ளிருந்த வெளிச்சம் படிகளில் வழிந்தது. மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, தலையை நிமிர்த்தி, ஆர்டனின் முகம் எப்போதும் இருக்கும் உயரத்தில் அவனைத் தேடினாள். அவள் முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

அவள் கீழே பார்க்கவில்லை. முதல் படியில் ஒரு முழங்கை ஊன்றியிருந்தது.