இராசையாவின் முன்னேற்றம்

மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்த நாளிலிருந்து அவனைத் துரத்திவரும் விழுகை என்னும் பெரும்பகையை இந்தத் தேயிலைத் தோட்டம் வென்றுவிட்டதாக, முன்பு வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் கட்டியிருந்த பதாகை அறிவித்தது. அந்தப் பதாகை ஒரே வாரத்தில் இரண்டு முறை விழுந்திருந்தது.

உள்ளே ஒரு பெரிய டீவி, அதன் தலையில் ஒரு கெமரா, தரையில் பச்சை விரிப்பு. விரிப்பில் நின்று கைகாலை அசைத்தால் திரையில் வெள்ளைக் கோடுகளால் ஆன ஓர் உருவம் அப்படியே அசையும். மேலேயிருந்து விழும் மாம்பழங்களைச் சாய்ந்து சாய்ந்து பிடித்தால் மார்க். இப்படி விளையாடினால் வயதானவர்கள் விழமாட்டார்கள் என்று பதுளையிலிருந்து வந்த பயிற்சியாளர் கம்சலா விளக்கினாள். கடைசியில் ஒரு பரீட்சையும் இருக்கும் என்றாள். நாற்பது வருடம் மலைச்சரிவில் கூடையோடு நின்ற பெண்கள், சமதரையில் நிற்பது எப்படி என்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள்.

பாக்கியலெட்சுமி பிஸ்கட்டுக்காக வரவில்லை. புருஷன் இராசையா போன வருடம் குளிக்கப்போன இடத்தில், மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரைப் படியில் விழுந்து செத்துப்போனார். பிறகு அவளும் ஒருமுறை வாசலில் விழுந்து எழுந்தாள். கொழும்பிலிருக்கும் மகள் நிஷாந்தினி முடிவாகச் சொல்லிவிட்டாள்: "அந்தப் பரீட்சையில பாஸ் பண்ணுங்க, லயத்துலயே இருங்க. இன்னொருக்கா விழுந்தீங்கன்னா காம்பராவப் பூட்டிட்டு இங்க வந்துரணும்."

அவள் குடியிருந்த அந்த லயத்து அறை, அந்தக் காம்பராவும், இராசையாவின் பேரில்தான் இருந்தது. அவர் பேரை வெட்டினால் காம்பராவையும் கேட்பார்கள் என்று அவள் தோட்டத்து ஆபீஸ் பக்கமே போகவில்லை. முதல் நாள் கம்சலா பழைய பட்டியலை விரித்து, "இராசையா உங்க வீட்டுக்காரரா? இருக்காருங்களா?" என்று கேட்டாள்.

"இருக்காருங்க. உடம்புக்கு முடியல."

பின்னாலிருந்த பழைய கங்காணி லிங்கம் இருமினார். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. கம்சலா இரண்டு பேரையும் மெசினில் பதிந்தாள்.

அன்றைக்கே திரையில் பாக்கியலெட்சுமியின் உருவத்தின் காலடியில் இன்னோர் உருவம் கிடந்தது. அதன் இடது கால் உடம்புக்கடியில் மடங்கியிருந்தது. பீலிக்கரையில் அவரைப் புரட்டியபோது அந்தக் காலைத்தான் அவள் முதலில் நேராக்கினாள்.

"மூடுபனி வெளிச்சத்துல கெமரா கொழம்புதும்மா" என்றாள் கம்சலா.

"ஒன் நெழலு கூட களைச்சுப் போய்ப் படுத்துருச்சு, பாக்கியம்" என்றார் லிங்கம்.

மறுவாரம் அது முழங்கையை ஊன்றியிருந்தது. நான்காம் வாரம், ஜன்னல் கண்ணாடியை மூடுபனி நக்கிக்கொண்டிருந்த ஒரு பின்னேரத்தில், பூட்டிய பிள்ளைக் காம்பராவுக்குள் பாசிநாற்றமும் வேப்பஞ் சவர்க்கார வாசனையும் கலந்து எழும்ப, ஈரக்கால் தரையில் ஒட்டிப் பிரிவதுபோல ஒரு சத்தம் முதுகுக்குப் பின்னால் மெதுவாக வந்து நின்றது; திரையில் அந்த உருவம் முழங்காலில் நின்று, அவளுடைய உருவத்தின் இடுப்பைப் பற்றிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அன்று அவள் ஒரு மாம்பழமும் பிடிக்கவில்லை.

ஆறாம் வாரம் கம்சலா வண்ணக் கோடுகள் ஏறிப்போகும் ஒரு தாளைக் காட்டினாள். மாகாணத்திலேயே சிறந்த முன்னேற்றம், இராசையா.

"நான் இல்லாத நேரம் அவரைக் கூட்டிட்டு வந்து வெளையாட வைக்கிறீங்க போல. என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா. படுத்துக் கெடந்தவரு முழங்காலுக்கு வந்துட்டாரு. பரீட்சை அன்னைக்கு விழாவுக்கு வர்ற பெரியவர் கையால அவருக்குத்தான் பரிசு."

செத்தவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் பெரிதாகத் தேறவில்லை என்பது அறிக்கையில் இல்லை.

பரீட்சை நாள், நாலு மணி. வெளியே பந்தலில் பெரியவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். கம்சலா மெசினை ஓடவிட்டாள். "ஒரு ஆள்தான் உள்ள இருக்கணும்மா. தொடங்குங்க, இந்தா வந்துர்றேன்." கதவைச் சாத்திவிட்டு மாலை எடுக்க ஓடினாள்.

மாம்பழங்கள் விழத் தொடங்கின. பாக்கியலெட்சுமி ஒன்றைப் பிடித்தாள். இரண்டைப் பிடித்தாள். காம்பரா தங்கிவிடும் என்று நினைத்தாள்.

திரையில் அவளுக்குப் பின்னால் அது எழுந்தது. ஒரு காலை ஊன்றி. பிறகு மற்றதை. நிமிர்ந்து நின்றது. கையை நீட்டி அவள் உருவத்தின் தோளில் வைத்தது.

அவள் தோளில் குளிர்ந்த தண்ணீர் வழிந்தது.

திரும்பினாள். விரிப்பு வழுக்கியது. இடுப்புக்குள் ஏதோ முறிந்தது.

திரையில் இப்போது ஓர் உருவம் கிடந்தது. ஓர் உருவம் நின்றது.

கூப்பிடலாம். கூப்பிட்டால் விழுந்தது தெரிந்துவிடும். கொழும்பு. மகள் வீட்டுப் பின்பக்க அறை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி ஏறியது. "கம்சலா" என்றாள். வெளியே பெரியவர், இனி இங்கே ஒரு முதியவரும் விழமாட்டார் என்றார். கைதட்டினார்கள்.

அவளுடைய முகத்துக்கு நேரே, பச்சை விரிப்பில், இரண்டு ஈரக் காலடிகள். விரல்கள் டீவியைப் பார்த்திருந்தன. யாருடைய மூச்சோ மேலே கேட்டது. நிதானமான மூச்சு.

"என்னங்க" என்றாள்.

காலடி அசையவில்லை.

"என்னங்க, தூக்குங்க."

மாம்பழங்கள் விழுந்தன. நின்றிருந்த உருவம் இடமும் வலமும் சாய்ந்து பிடித்தது. ஒன்றும் தவறவில்லை.

"என்னங்க."

மெசின் மணியடித்தது. முழு மார்க். அது திரும்பவே இல்லை.

பீலிக்கரையில் விழுந்த அன்றைக்கு இராசையாவும் மூன்று தடவைதான் கூப்பிட்டிருந்தார். அது காதில் விழுந்தும் பாக்கியலெட்சுமி டீவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் வரட்டும் என்று இருந்துவிட்டாள்.