மயில் ஏறாத பெட்டி

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

இன்ஸ்பெக்டர் பரசுராமன் ஒரு கையில் போனை எடுத்தார். இன்னொரு கையில் இட்லி.

"சார்! பிள்ளையார்பாளையத்துல அட்டைக்கார அப்பாண்டையை யாரோ அடிச்சுப் போட்டுட்டாங்க சார்!"

"உசிரு?"

"இல்ல சார்!"

இட்லியைக் கீழே வைத்தார்.

பட்டறையில் அப்பாண்டை தன் மேஜை மேலேயே கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் அவருடைய சுத்தியல்.

எறும்புக்கே வழிவிட்டு நடக்கிற சமண மனுஷன். அட்டையில் ஓட்டை குத்துவது அவர் தொழில். அந்த அட்டைகளைத் தறி மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், சேலையில் டிசைன் தானாக விழும். தரை முழுக்கக் குத்தி உதிர்ந்த அட்டைப் பொட்டுகள்.

"சார்! ஆள் கெடச்சுட்டான்!" கான்ஸ்டபிள் அந்தோணி மூச்சிரைக்க ஓடிவந்தார். "நெசவுக்காரன் தர்மன். மயில் டிசைனை அவன் பெட்டிக்குப் போட மாட்டேன்னுட்டாராம் இவரு. டீக்கடையில பெரிய ரகளை! இப்ப அவன் வூட்டுல ஒரு கட்டு அட்டை இருக்குது சார்!"

தர்மன் தன் வீட்டுத் தறியருகே நின்றான். அவன் மனைவி தேவகி அவன் சட்டை நுனியை விடவில்லை.

"எதுக்குப்பா ரகளை?"

"கோதண்டபாணி முதலாளிது பெரிய பெட்டி சார். என்னுது சின்னது, நூலைத் தூக்கற கொக்கி அதுல பாதிதான். எனக்கும் மயில் போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். 'தோகையை வெட்டினாத்தான் உன் பெட்டியில ஏறும். பாக்கறவன் அப்பாண்டை போட்ட கோழிம்பான். எம்பேரு நாறிடும். முதலாளிக்கு வாக்கு வேற குடுத்திருக்கேன்'னாரு. கோவத்துல கத்திட்டேன் சார்..."

"அப்ப இந்தக் கட்டு?"

"நேத்து சாயங்காலம் அவரே கூப்ட்டுக் குடுத்தாரு. ஏத்திப் பாரு, தெரியும்னாரு."

"என்ன டிசைன்?"

"ஓட்டையைப் பாத்தா என்ன சார் தெரியும்?"

"சார்..." தேவகியின் குரல் உடைந்தது. "இவரைத் தூக்குல போட்டுடுவாங்களா?"

பரசுராமன் அட்டைக் கட்டைப் புரட்டினார். ஆறுதல் சொல்ல அவருக்குச் சம்பளம் கிடையாது.

அப்போதுதான் பட்டுக்கடை முதலாளி கோதண்டபாணி உள்ளே நுழைந்தார். அக்குளில் குடை. அட்டைக் கட்டைப் பார்த்ததும் குதித்தார்.

"இதான் சார் என் மயிலு! திருட்டுப் பய! கொன்னுட்டுத் தூக்கிக்கினு வந்துட்டான்!"

"நீங்க பட்டறைப் பக்கம் போறதுண்டா?"

"ஆறு மாசமா போவல சார். ஆள் விட்டுத்தான் எல்லாம்."

பரசுராமன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தர்மா, அட்டையை ஏத்து. நெய்யி."

"சார்?"

"மயில் வந்துச்சுன்னா நீ தொலைஞ்சே. நல்லா நெய்யி!"

தறி தடதடத்தது. முதலில் இரண்டு கால்கள் வந்தன. எந்தப் பறவைக்கும் அதுதானே வரும்! தேவகி கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதலாளி, ஒரு சந்தேகம்" என்றார் பரசுராமன், தறியைப் பார்த்தபடியே. "உங்க மயில் அட்டை பெருசு. இது சின்னது. பாத்தவுடனே மயில்னு எப்படிச் சொன்னீங்க?"

"அது... நேத்து இவன் எடுத்துக்கினு போறதைப் பாத்தேன்."

"எங்கேர்ந்து?"

"பட்டறை வாச..."

கோதண்டபாணி வாயை மூடினார். லேட்!

"அந்தோணி, அந்தக் குடையை விரிய்யா."

அந்தோணி விரித்தார்.

பொலபொலவென்று கொட்டின... அட்டைப் பொட்டுகள்!

"நேத்து காலையில நல்ல மழை" என்றார் பரசுராமன். "குடையை விரிச்சிருப்பீங்க. அப்ப இருந்திருந்தா கொட்டியிருக்கும். அதுக்கப்புறம்தான் அப்பாண்டை மேஜையில இதை மாட்டி வெச்சிருக்கீங்க. அந்த மனுஷன் நீங்க சண்டை போடறப்பவும் குத்திக்கினே இருந்திருக்காரு."

கோதண்டபாணியின் முகம் வெளுத்தது. பிறகு வெடித்தார்.

"வாக்கு தவறிட்டான் சார்! என் மயிலு எனக்கு மட்டுந்தான்னு சாமி முன்னாடி சொன்னவன்! அதைச் சின்னப் பெட்டிக்கு மாத்தி இவன்கிட்ட குடுத்துட்டான்! கேட்டா, 'அது மயில் இல்லீங்க'ன்னு என்கிட்டயே பொய்! சுத்தியல் கையில வந்துடுச்சு..."

"சார்..."

கூப்பிட்டது தர்மன். தறி நின்றிருந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பச்சைப் பட்டில், வளைந்த மூக்கோடு, சின்ன வாலோடு... ஒரு கிளி!

தோகை இல்லை. கொண்டை இல்லை. தர்மனின் சின்னப் பெட்டிக்கென்றே பிறந்த பறவை. தர்மன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். டீக்கடையில் அவன் திட்டியதையெல்லாம் மனதில் வைக்காமல் கிளி கொடுத்த மனுஷன் போய்விட்டாரே!

கோதண்டபாணி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"மயில்... இல்லியா?"

"அதைத்தானேய்யா அந்த ஆளும் சொன்னாரு!"

தேவகி இப்போதுதான் புருஷன் சட்டை நுனியை விட்டாள்.

அந்தோணி தலையைச் சொறிந்தார். "சார், ரிப்போர்ட்ல மயில்னு எழுதிட்டேனே?"

பரசுராமன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கிளின்னு மாத்துய்யா. கூண்டு மட்டும் முதலாளிக்கு!"