சிவக்காத கட்டி

காலை பதினொன்று. அறுவை அறையில் நீல விளக்கைப் போட்ட டாக்டரம்மா பல்லைக் கடித்தார். சிவந்து தெரிய வேண்டிய மூளைக் கட்டி சிவக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக் காவல் அதிகாரியைக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், துருவித் துருவிக் கேட்பதால் 'துருவி' என்று பெயர். அவரிடம் டாக்டரம்மா படபடவென்று சொன்னார்:

"காலையில குடிக்கிற மருந்தை நல்ல திசு பெரும்பாலும் செலவழிச்சிடும். கட்டி அதை நிறமியாக்கித் தேக்கி வைக்கும், நீல ஒளியில சிவக்கும். தோல்லயும் கொஞ்சம் தேங்கும், அதான் ஒரு நாள் வெயில் ஆகாது. குடிச்சும் சிவக்கலைன்னா இது நல்ல மூளையாவே இருக்கலாம், கை வைக்கக் கூடாது. மருந்தே உள்ள போகலைன்னா இன்னொரு நாள் பாக்கணும். மூளையில இது பேச்சு வர்ற இடம் சார், இந்தம்மா பாட்டு டீச்சர் வேற. சீக்கிரம்!"

மருந்தாளுநர் சத்தியம் செய்தார். "இதே பெட்டி மருந்துதான், நேத்து ஒருத்தருக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுது."

நர்ஸ் அழாக்குறையாக நின்றாள். "காலி கிளாஸை நானே வாங்கினேன் சார்."

"குடிச்சதைப் பாத்தியா?"

"பக்கத்து படுக்கையில கூப்பிட்டாங்க..."

துருவி தலையில் அடித்துக்கொண்டார். யாரைக் கேட்டாலும் 'நானில்லை'!

டீச்சரின் கணவர் வாசலில், வெயிலில் பத்துப் பேரோடு காத்திருந்தார். முகமும் கையும் செக்கச்செவேலென்று இருந்தன; ஈரக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

"கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சா சார்."

துருவி மற்றவர்களைப் பார்த்தார். அதே வெயில்தான், ஒருவருக்கும் இப்படி இல்லை.

"யோவ், குடிச்சது நீ!"

கைக்குட்டை கீழே விழுந்தது.

"எந்த மருந்தானாலும் ஒரு வாய் நான் குடிச்சாதான் அவ குடிப்பா சார். வீட்ல எப்பவும் அப்படித்தான். இன்னிக்கு ஒரே புளிப்பு. மீதியையும் நீங்களேன்னு கெஞ்சினா. ஏதோ சத்து மருந்துன்னு..."

"அதைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? மண்டையைத் திறந்து வச்சிக்கிட்டு நிக்கிறாங்கய்யா!"

மருந்து உள்ளே போகவில்லை என்று தெரிந்ததும், எதையும் வெட்டாமல் டாக்டரம்மா மூடிவிட்டார். இன்னொரு நாள் மறுபடி திறக்க வேண்டும். கணவரை இருட்டறையில் உட்கார வைத்தார்கள்.

சாயங்காலம், ஜன்னல் திரைகளை இழுத்து மூடி அவரை உள்ளே விட்டார்கள். கண் விழித்த டீச்சர் தெளிவாகவே கேட்டாள்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெந்து கிடக்கு?"

அவர் அழுதுகொண்டிருந்தார்.

"உன் மருந்தும்மா அது" என்றார் துருவி. "அடுத்த தடவை நான் பக்கத்துலயே நிப்பேன்."