ஆணியில் தொங்கிய மோதிரம்

ஒரு போலீஸ் மோப்ப நாய் எனக்கு சலாம் வைத்திருக்கிறது. வாலை ஆட்டியதைச் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, வலது முன்னங்காலை நெற்றிவரை தூக்கி, கமிஷனருக்கு வைப்பதுபோல் கச்சிதமான சலாம். அந்த நாயோடு வந்த இன்ஸ்பெக்டர் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன். "புளுகுக்கும் ஒரு அளவு வேணும் மாப்ளே" என்று குறைந்தது பத்தாயிரம் தடவை சொல்லிவிட்டார். நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

அப்போது நான் ஓர் இயந்திரப் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. 'சட்டைமடி' என்பது அங்கே எனக்குப் பட்டப்பெயர். இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத் பக்கம் வந்து "சட்டைக் கையை மடி!" என்று நான் ஒரு குரல் கொடுத்தால், மூன்று தெரு தள்ளிப் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவர்கூடக் கையை மடித்துக்கொள்வார்.

அன்று காலை மணி அடிக்குமுன் உள்ளே நுழைந்தேன். ஒரு லேத் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற 'சக்' வெறும் வாயோடு சுழன்றது. கீழே தரையில் பகல் ஷிப்டு டர்னர்; லேத் ஓட்டுகிற அண்ணன் தம்பி இருவரில் அண்ணன். நெற்றியில் ரத்தம். மூச்சு மட்டும் இருந்தது. முழங்கைக்கு மேல் ஒழுங்காக மடித்த சட்டை. இரண்டு கையிலும் புத்தம் புதிய வெள்ளைக் கையுறை. சுவரோரம் சக் சாவி கிடந்தது.

சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. 'சக்'கை இறுக்கியதும் சாவியை உருவிவிட வேண்டும். அதை அப்படியே விட்டு சுவிட்சைத் தட்டினால், துப்பாக்கிக் குண்டுக்கு அண்ணனாகப் பறந்து வரும். எதிரே யார் தலை இருக்கிறது என்று கேட்காது.

மச்சான் வந்தார், நாயோடு. ஏற்கெனவே பட்டறையில் வெண்கலத் துண்டுகள் காணாமல் போவதாகப் புகார் கொடுத்திருந்தோம். இப்போது இது. சுற்றிப் பார்த்து, மீசையைத் தடவி, உடனே முடிவுக்கு வந்துவிட்டார்.

"ராத்திரி ஷிப்டுல இந்த மெஷின்ல யாரு?"

"அவரோட தம்பி."

"பேச்சுவார்த்தை?"

"வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பி ரெண்டு வருஷம் ஆச்சு. அதுலேர்ந்து இல்லை."

"போதும். தம்பி வேணும்னே சாவியை சக்குல விட்டுட்டுப் போயிருக்கான். அண்ணன் வந்து சுவிட்சைப் போட்டான். முடிஞ்சது கதை."

தம்பி டர்னரைக் கூட்டிவந்தார்கள். தூக்கம் கலையாத கண்.

"சாவியை எங்க வெச்ச?"

"மெஷின் பக்கத்துத் தட்டுல சார்."

"பாத்தவங்க யாரு?"

"யாருமில்ல. ஆனா சாவி சக்குல இருக்கிறவரைக்கும் நான் கையை எடுக்கவே மாட்டேன் சார். எங்கண்ணன்தான் பழக்கி விட்டாரு."

அதற்குள் அண்ணனின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தாள். நேராகக் கொழுந்தனிடம் போனாள். "சுவர் பத்தலையா உனக்கு? அவர் விரல்ல கிடந்த மோதிரத்தைக்கூட விட்டுவைக்கலையே!" தம்பி தலையைக் குனிந்தார். மச்சான் விலங்கை வெளியே எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு மனுஷன் அண்ணனைக் கொல்லப் பார்த்தவன் என்ற பெயரோடு தெருவில் நடக்கப்போகிறான்.

"ஒரு நிமிஷம் மச்சான்" என்றேன். லேத் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. அதில் மோதிரம் தொங்கியது. "மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி தினமும் கழட்டி இங்கதான் மாட்டுவார். சுத்தற மெஷின்ல மோதிரம் மாட்டினா விரலோடதான் வரும்."

மோதிரத்தை அவள் கையில் வைத்தேன். வைத்த அந்த நொடியில் என் மூளையில் ஏதோ ஒன்று அரிக்க ஆரம்பித்தது. சாதாரண அரிப்பில்லை, அன்று இருந்த நாலு முடியும் அதில்தான் கொட்டிப்போனது.

என்னையும் அண்ணன் டர்னரையும் தவிர, காலையில் மணிக்கு முன்னால் உள்ளே வந்தவர்கள் இரண்டே பேர் என்றார் வாட்ச்மேன்: ஸ்டோர் கீப்பரும் வெல்டரும். ஸ்டோர் கீப்பர் ஒரு காலத்தில் டர்னர். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. "வாலிபத்துல லேத்துக்குக் காணிக்கை குடுத்தது" என்று சிரிப்பார். புதுக் கையுறைகள் அவர் அறை வாசலில் ஒரு பெட்டியில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வெல்டர், பின்கொட்டகையில் தனியாக வேலை செய்பவர். சேர்ந்து சில மாதம்தான். "கிளவுஸைப் போடுய்யா!" என்று நான் தினமும் துரத்துகிற ஆள்.

அண்ணன் டர்னர் கையிலிருந்து கழற்றி வைத்திருந்த கையுறையை மச்சான் நாய்க்கு மோப்பம் காட்டினார். அது குடுகுடுவென்று போய் வெல்டர் முன்னால் உட்கார்ந்தது. வெல்டர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "பிஸ்கட் இருக்கு சார், அதான்!" எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் நாயை வெடுக்கென்று இழுத்து, "தீனிப்பண்டாரம்" என்று திட்டினார். நாய் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு வழக்குப் போடலாம்.

நான் மெதுவாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். பிறகு மூன்று பேரையும் லேத் முன்னால் வரிசையாக நிறுத்தினேன். பெட்டியிலிருந்து புதுக் கையுறைகள் எடுத்து ஆளுக்கு ஒரு ஜோடி நீட்டினேன்.

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் வரைக்கும் இந்த லேத்தை ஓட்டணும்னு வெச்சுக்குங்க. தயாராகுங்க."

தம்பி டர்னர் கையுறையைப் பக்கத்து மேஜையில் விட்டெறிந்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். ஸ்டோர் கீப்பர் அரை விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வெளையாடறீங்களா? மிச்சத்தையும் குடுக்கவா?"

வெல்டர் சமத்தாக இரண்டு கையுறையையும் மாட்டிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றார்.



"என்ன மாப்ளே இது?" என்றார் மச்சான்.

"மச்சான், மோதிரத்தையே கழட்டி ஆணியில மாட்டறவர் கையுறை மாட்டுவாரா? நூல் ஒண்ணு சிக்கினா போதும், கையையே உள்ள இழுத்துடும். எந்த டர்னரும் லேத்துல கையுறை போட மாட்டான். இவருக்கு யாரோ மாட்டி விட்டிருக்காங்க, விழுந்ததுக்கு அப்புறம். தம்பிக்கு அது தெரியும். ஸ்டோர் கீப்பர் விரலைக் குடுத்துத் தெரிஞ்சுகிட்டவர். தெரியாத ஆள், 'கிளவுஸைப் போடு'ன்னு தினமும் என்கிட்ட திட்டு வாங்கறவன் ஒருத்தன்தான்."

வெல்டர் தன் கைகளைப் பார்த்தார். பாம்பு சுற்றிக்கொண்டதுபோல் உதறினார். கழலவில்லை.

பின்கொட்டகையில் வெல்டிங் ராடு டப்பாக்களைக் கவிழ்த்தார்கள். மேலே ராடு, கீழே வெண்கலம்.

"டப்பாவுல அடுக்கும்போது பாத்துட்டாரு சார்" என்று அழுதார் வெல்டர். "வெளிய சொல்லாதீங்கன்னு கெஞ்சிக்கிட்டே லேத் வரைக்கும் பின்னாலயே வந்தேன். கேக்கல. தட்டுல இருந்த சாவியாலேயே அடிச்சிட்டேன். வேலையில இருந்த மாதிரி தெரியட்டும்னு மெஷினைப் போட்டு கிளவுஸ் மாட்டினேன். நீங்கதானே சார் தினமும் கிளவுஸ் கிளவுஸ்னு உயிரை எடுத்தீங்க!"

"வெல்டிங்குக்குச் சொன்னேன்யா!" என்றேன். "அது சரி, மெயினை இறக்கிட்டுத்தான் உன்னை நிறுத்தினேன். குத்தவாளியா இருந்தாலும் விரல் விரல்தான்."

அந்த நேரத்தில்தான் நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

மாலையில் அண்ணன் டர்னர் கண் விழித்தார். முதல் கேள்வி: "மெஷினை யாரு நிறுத்தினா?" இரண்டாவது, வாசலிலேயே நின்ற தம்பியைப் பார்த்து: "சாவி தட்டுலதான்டா இருந்துச்சு. பாத்தேன். ஏன் அங்கயே நிக்கற?" அவர் மனைவி கொழுந்தனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த வீட்டு நடுச்சுவரில் இப்போது ஒரு கதவு இருக்கிறது. யாரும் அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

போன வாரம் மச்சான் வந்திருந்தார். அவரும் ஓய்வு பெற்றாயிற்று, மீசையும் நரைத்தாயிற்று. நான் மறுபடி ஆரம்பித்தேன். சலாம் வந்ததும் வழக்கம்போல் வாயைத் திறந்தார். என் மனைவி டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஏன்ண்ணா, நிஜமாவே வெக்கலையா?" என்று கேட்டாள்.

அவர் டம்ளரைச் சுழற்றி டீயை ஆற்றினார்.

"சலாம் வெச்சதை ஒத்துக்கிட்டா, அது முதல்லயே சரியான ஆள் முன்னாடி உக்காந்ததையும் ஒத்துக்கணும். நான்தான் கயிறைப் புடிச்சு இழுத்தேன். ஒரு நிரபராதி கையில விலங்கு மாட்ட இருந்தேன்."

"அப்போ?"

"வெச்சுச்சும்மா. நெத்தி வரைக்கும் தூக்கி வெச்சுச்சு." டீயை ஒரு வாய் குடித்தார். "கூடவே இருந்து சோறு போட்ட எனக்கு, ஒரு நாள்கூட வெச்சதில்ல."